பிள்ளைகள் பக்கம்

கடிதம் கொண்டுவந்த அரிஸ்தோன் அந்த இடத்தை இரண்டு முறை வாசித்தான்.

வீட்டில் அடிமை ஒரு பக்கம், பெற்ற பிள்ளை ஒரு பக்கம்; கடவுளோ உங்கள் எல்லோரையும் பிள்ளைகள் பக்கம் சேர்த்துவிட்டார். எபேசிலிருந்து போதகர் அப்படி எழுதியிருந்தார்.

சபை கூடியிருந்தது லூக்கோனின் வீட்டுக் கூடத்தில். கொரிந்து நகரத்துப் பெரிய பாய்த்துணி வியாபாரி அவர். கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சுவரோரம் நின்ற அவருடைய அடிமை லீதேவுக்கு மட்டும் எங்கோ உதைத்தது.

பூட்டானாலும் பேச்சானாலும் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டாள் அவள். அந்தக் குணத்துக்காக வாங்கிய அறைகளுக்குக் கணக்கில்லை.

அவள் மகள் மிர்தாலேவுக்கு ஏழு வயது. நாளைக் காலை கெங்கிரேயா துறையில் அவளைக் கப்பலேற்றி ஸ்மிர்னாவுக்கு அனுப்புகிறார்கள், எசமானியின் தங்கை வீட்டு வேலைக்கு. எல்லாவற்றுக்கும் ஏன் என்று கேட்கிற லீதே இதற்கு மட்டும் கேட்கவில்லை.

சபை கூடும்போது அடிமையும் வாய் திறக்கலாம். இன்றைய கூட்டத்தை விட்டால் அவளுக்கு வேறு கூட்டம் இல்லை.

"ஐயா, ஒரு சந்தேகம். ஒரே ஆளு ரெண்டு பக்கமும் இருந்தா? பெத்த பிள்ளையாவும், அடிமையாவும்?"

அரிஸ்தோன் சிரித்துவிட்டான். நல்ல மனுஷன், ஊருக்கு வந்து அரை நாள்கூட ஆகவில்லை.

"அப்படி எந்த வீட்லம்மா நடக்கும்?"

யாரும் கூடச் சேர்ந்து சிரிக்கவில்லை. லூக்கோன் ரொட்டியைப் பிய்க்க ஆரம்பித்தார். அந்தக் கூடத்தில் விடை தெரியாதவன் அரிஸ்தோன் ஒருவன்தான்.

ஏதோ தப்பாகப் பேசிவிட்டோம் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தண்ணீர் கொண்டுவந்த மிர்தாலேயின் கன்னத்தைத் தட்டிவிட்டு, எசமானி பிலூமெனேயிடம் திரும்பினான்.

"மூக்கும் முழியும் அப்படியே உங்க வீட்டுக்காரரை உரிச்சு வச்சிருக்கு. கடைசிப் பொண்ணா?"

லீதே சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். இத்தனை பேர் முன்னால் மகள் என்று ஒப்புக்கொண்ட பிள்ளையை எந்தக் கப்பலிலும் ஏற்ற முடியாது.

பிலூமெனே சிறுமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வர்றவங்க எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க," என்றாள். "அதான் நாளைக்கு அனுப்பிடறோம்."