உதட்டைப் பிதுக்கிய பொம்மை

சண்டை வீடியோ கேம் போட்டியின் இறுதிச் சுற்று அது. மூன்று வருடமாகக் கோப்பையை விட்டுக்கொடுக்காத இளம்பரிதிக்கு, ஆட்டக்காரர்கள் தாங்களே உருவாக்கிக் கொண்டுவரும் பொம்மைகளைக் கண்டாலே குமட்டும்.

"கேமோட வந்த வீரன்தான்ம்மா வீரன். நீங்க மூக்கு ஒட்டி, மீசை ஒட்டிக் கொண்டார்றதெல்லாம் கொலு பொம்மை," என்று உதட்டைப் பிதுக்கினான், அவனை எதிர்த்து ஆட உட்கார்ந்திருந்த மெர்லினிடம்.

"என் பொம்மைய எறக்குறேன், பாத்துட்டுச் சொல்லுங்கண்ணே."

ஏறுநெற்றியும் தொங்கிய கன்னமும் வெட்டுப்பட்ட புருவமுமாக, திரையில் அச்சு அசலாக இளம்பரிதியே வந்து நின்றான். எதிரில் நின்ற இளம்பரிதியின் வீரனை ஏற இறங்கப் பார்த்து, அவனைப் போலவே உதட்டைப் பிதுக்கினான். அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது.

"அடிங்கண்ணே, வெறும் பொம்மைதானே!" என்றாள் மெர்லின்.

மணி அடித்தது. இளம்பரிதி அடித்தாலும் சரி, அடி வாங்கினாலும் சரி, மறுபடி சிரிப்பதற்கு அரங்கம் தயாராக இருந்தது.