பாலத்தின் மேல் நின்ற வண்டி

“பாலத்து மேல வண்டி நின்னு போச்சுங்க தம்பி! பின்னாடியே இன்னொண்ணு வருது!”

மோகனசுந்தரம் போட்ட கூச்சலில் அருள்குமார் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தான். சரக்கு வண்டி வளைவைத் தாண்டி, நின்றிருந்த வண்டியின் முதுகைப் பார்த்து விரைந்துகொண்டிருந்தது. மோகனசுந்தரம் பாய்ந்துபோய்ச் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தார். இரண்டு வண்டிகளும் முட்டிக்கொள்ளாமல் மயிரிழையில் தப்பின.

“நல்ல வேளைங்க,” என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

பாலம், மலை, ஒலவக்கோடு என்று பலகை மாட்டிய ஸ்டேஷன் எல்லாமே பாலக்காட்டை அடுத்த சித்தூரில் அந்த வீட்டின் முன்னறையில், ஒரு பெரிய மேசைக்குள் அடங்கியிருந்தன. சுவரோரக் கண்ணாடி அலமாரியில் கையகல இன்ஜின்கள் அணிவகுத்து நின்றன. கீழ்த்தட்டு முழுக்கப் பயணிகள் பெட்டிகளும் டேங்கர்களும்.

மோகனசுந்தரத்தின் மகள் ஆர்த்தியைப் பெண் கேட்டு அருள்குமார் வந்திருந்தான். இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லிக்காரன். சின்னக்கானலில் ஒரு ரிசார்ட்டில் மேனேஜர். பெரியவர்களை அழைத்து வருவதற்கு முன்னால், தனியாக ஒரு தரம் வீட்டுக்குப் போய்வரச் சொன்னது ஆர்த்திதான்.

“எங்கூட்டுல ரயில்னா உசுரு. அதைப் பத்தி நாலு வார்த்தை சரியாப் பேசிட்டீன்னா சம்மதம் தானா வந்துரும்,” என்று சொல்லிவிட்டு, அவள் பாட்டுக்குப் பாலக்காட்டுக்கு வேலைக்குப் போய்விட்டாள். அவனும் ஒரு மாதமாகச் செல்போனில் இன்ஜின் வீடியோவாகப் பார்த்துத் தள்ளியிருந்தான்.

“ஏனுங்க தம்பி, உங்க இடுக்கியில ரயிலே கெடையாதே. உங்களுக்கு எப்படி இந்த ஆசை?”

இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. “அதனாலதான் சார் ஆசையே! தினம் பார்க்கிற பொருள் மேல யாருக்கு சார் கிறுக்குப் பிடிக்கும்?”

பதில் மோகனசுந்தரத்துக்குப் பிடித்துவிட்டது. “அடுப்புல எண்ணெய் காயுது, பாத்துட்டு வந்தர்றனுங்க,” என்று சமையலறைக்குள் போனார். உள்ளே அவர் மனைவி பூங்கோதையோடு குசுகுசுவென்று பேசுவது கேட்டது. நம்மைத்தான் எடை போடுகிறார்கள் என்று அருள் நினைத்துக்கொண்டான்.

திரும்பி வந்தவர் கையில் ஒரு வெள்ளைத் துணியும் சின்ன பாட்டிலும் இருந்தன. “தண்டவாளத்துல தூசி படிஞ்சா கரண்டு போவாதுங்க. இதுல நனைச்சுத் தொடைச்சா ஓடும்,” என்று பாடம் ஒப்பிப்பது போலச் சொல்லிக்கொண்டே துடைத்தார். சுவிட்சைப் போட்டதும் வண்டி குடுகுடுவென்று ஓடியது.

அடுத்து அலமாரியிலிருந்து ஒரு டீசல் இன்ஜினை எடுத்து நீட்டினார். “இது என்ன மாடலுன்னு சொல்லுங்க பாக்கலாம்?”

“டபிள்யூ.டி.எம். டூ, சார்.”

சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. “பழம்பொரி கருகிடப் போவுது,” என்று மறுபடியும் சமையலறைக்கு ஓடினார். வெளியே வந்தபோது அவர் முகமெல்லாம் சிரிப்பு.

“கரெக்டாச் சொல்லிப் போட்டீங்க!”

பின்னாலேயே பூங்கோதை, வாழைப்பழ பஜ்ஜி போலப் பொன்னிறமாகப் பொரிந்த பழம்பொரித் தட்டோடு வந்தார். “சாப்பிடுங்க தம்பி,” என்று வைத்துவிட்டு, மேசையில் சாய்ந்துகிடந்த கைகாட்டி மரத்தை ஒற்றை விரலால் நிமிர்த்திவிட்டு உள்ளே போனார்.

பாதி சம்மதம் கிடைத்த மாதிரிதான் என்று அருளுக்குத் தெம்பு வந்தது. அந்தத் தெம்பில் பழம்பொரியை இரண்டு கையாலும் எடுத்துச் சாப்பிட்டான்.

“இந்த நீராவி இன்ஜினை அந்தப் பெட்டியோட கோத்து விடுங்க பாக்கலாம்,” என்று மோகனசுந்தரம் எடுத்துக் கொடுத்தார்.

கோப்பது எப்படி என்று எந்த வீடியோவிலும் அவன் பார்த்திருக்கவில்லை. கொக்கியை இப்படித் திருகினான், அப்படி அழுத்தினான். எண்ணெய்க் கையிலிருந்து இன்ஜின் வழுக்கி, மேசை விளிம்பில் இடித்து, தரையில் விழுந்து உருண்டது.

“போச்சு!” மோகனசுந்தரத்தின் முகம் வெளுத்தது.

இருவரும் ஒரே நேரத்தில் மேசைக்கு அடியில் நுழைந்தார்கள். இன்ஜினின் முன்சக்கரம் தனியாகக் கழன்று கிடந்தது.

“மன்னிச்சிருங்க சார். உண்மையைச் சொல்லிருதேன். எனக்கு ரயிலப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. எல்லாம் வீடியோ பார்த்து மனப்பாடம் பண்ணினது. ஆனா ஆர்த்தி மேல வச்ச ஆசை மனப்பாடம் இல்ல சார்.”

மோகனசுந்தரத்தின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அழுகிறாரோ என்று பயந்து பார்த்தால், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. “ஏனுங்க, அங்க என்ன சத்தம்?” என்ற பூங்கோதையின் குரலோடு காலடியோசை நெருங்கியது.

அவர் சிரிப்பு சட்டென்று அடங்கியது. “நான்தான் கீழ போட்டேன்னு சொல்லிக்கறனுங்க. நீங்க வாயே தொறக்காதீங்க.”

“நீங்க எதுக்கு சார் பழி ஏத்துக்கணும்? உங்க இன்ஜினை உடைச்சதும் நான், உங்ககிட்டப் பொய் சொன்னதும்...”

“என்ற இன்ஜினா?” அவன் தோளைப் பிடித்து இன்னும் கீழே அமுக்கினார் மோகனசுந்தரம்.

“ரயிலெல்லாம் அவளுதுங்க, மாப்பிள்ளை!”