பூட்டுன ஆளு

“எவன்யா அது? ரொக்கம் குடுத்து வாங்குன போனுக்குப் பூட்டுப் போட்டவன் எவன்? முதல்ல அவனை வெளிய வரச் சொல்லு!”

பொன்னழகு போட்ட சத்தத்தில், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய அந்த செல்போன் கடையே ஒரு நிமிஷம் நின்று போனது.

“உக்காருங்கண்ணே. என்னாச்சு?” என்றாள் கவுண்டரில் நின்ற ஜெஸ்ஸி.

போன வாரம் இவருக்குப் போன் விற்றவள் அவள்தான். மறக்கிற வியாபாரமா அது? அரை நாள் பேரம். பேக் கவர், கிளாஸ், இயர்போன் எல்லாம் சும்மா வாங்கிக்கொண்டு, போகும்போது கடைப் பையும் ரெண்டாகக் கேட்டவர்.

“உக்காரவா சேவுகம்பட்டியில இருந்து வந்தேன்? அன்னிக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? தவணை வேணாம். அந்தக் கம்பெனி சிம்மு, இந்தக் கம்பெனி பிளானுன்னு எவன்கூடயும் கட்டிப்போட்ட போன் வேணாம். தவணை தவறுனா எங்கயோ உக்காந்துக்கிட்டுப் போனைப் பூட்டுவானுங்க, அது எனக்குத் தெரியாதா?”

“தெரியும்ணே. உங்களுக்குக் குடுத்தது எந்தப் பூட்டும் இல்லாத போனுதான்.”

“அப்ப இது என்ன?”

கூட வந்திருந்த மகள் கையிலிருந்த போனைப் பிடுங்கி கவுண்டரில் வைத்தார். கறுப்புத் திரை. நடுவில் ஒரு பூட்டுப் படம்.

“திண்டுக்கல்காரனுக்கே பூட்டு விக்கிறீங்களோ?”

நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். மகள் தமிழ்மதி சிரிக்கவில்லை. அழுது வீங்கிய கண்ணோடு நின்றாள்.

“நர்சிங் முடிச்ச புள்ளம்மா. காலையில கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில இருந்து வீடியோவுல இன்டர்வியூ. டாண் டாண்ணு பதில் சொல்லிக்கிட்டு இருக்கா, நடுவுல டப்புன்னு பூட்டிக்கிருச்சு. திரும்பக் கூப்பிடலாம்னா நம்பரும் அதுக்குள்ளதான் கெடக்கு. இன்டர்வியூவுல பாதியில எந்திரிச்சுப் போன புள்ளைன்னுல்ல நெனைப்பாங்க? தேங்கா மூட்டை தூக்கிப் படிக்க வச்சேன்...”

குரல் உடையப் பார்த்தது. அதை மறைக்க இன்னும் சத்தமாகக் கத்தினார்.

“பூட்டுனவன் எவனா இருந்தாலும் சரி, அவனே அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, தப்பு என்னுதுதான்னு சொல்லணும். சொல்லாம இங்கேருந்து நகர மாட்டேன்!”

ஜெஸ்ஸி போனை எடுத்தாள். திரையின் ஓரத்தில் இருந்த சின்னப் படத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

“அண்ணே, செத்த உள்ள வாங்களேன்.”

“உள்ள என்ன ரகசியம்? நாலு பேரு முன்னாடியே சொல்லு!”

ஜெஸ்ஸி தமிழ்மதியை ஒருதரம் பார்த்தாள்.

“சரிண்ணே. உங்க போனைக் குடுங்க. ஒரு ஓடிபி வரும்.”

கொடுத்தார். அதே சின்னப் படம் போட்ட ஆப்பைத் தேடித் திறந்து, கவுண்டருக்குக் கீழே தாழ்த்திப் பிடித்து, அவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி காட்டினாள்.

‘தமிழ்மதி போன். இன்றைய நேரம் முடிந்தது. பூட்டப்பட்டுள்ளது.’

கீழே மேப். அதில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி.

பொன்னழகு சட்டென்று மகளைத் திரும்பிப் பார்த்தார்.

புதுப் போனை மகளிடம் கொடுக்கும் முன்பே அக்கா மகன் பழனிக்குமாரைக் கூப்பிட்டு இவர்தான் சொன்னார். “ஏலே, இவ எங்க போறா, எம்புட்டு நேரம் பேசுறான்னு எனக்குத் தெரியணும். அளவுக்கு மேல போனா நின்னுரணும். அவளுக்குத் தெரிய வேணாம்.” அவனும் ரெண்டு போனிலும் அதற்கான ஆப்பைப் போட்டுக் கொடுத்தான்.

அதற்குப் பேரும் பூட்டுதான் என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றவில்லை.

ஜெஸ்ஸி அவர் போனில் ஒன்றை அழுத்தினாள். கவுண்டரில் இருந்த மகள் போன் பளிச்சென்று திறந்துகொண்டது.

“கடைத் தப்புதாண்ணே,” என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. “நான்தான் கவனிக்காம குடுத்துட்டேன். மன்னிச்சிருங்க.”

“பாத்தியா, ரொக்கம் குடுத்தாலும் இப்படித்தான் செய்யிறாங்க. வா, வேற கடைக்குப் போவோம்.” போன் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினார். கல்லாவில் இருந்த முதலாளி ஜெஸ்ஸியை முறைத்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பொன்னழகு உண்மையைச் சொல்லவேண்டிய நேரம் அதுதான்.

“சரி சரி, விடும்மா. தெரியாம நடந்துருச்சு,” என்றார் தரையைப் பார்த்து. “தமிழு, வா, பஸ் வந்துரும்.”

தமிழ்மதி நகரவில்லை. திறந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னப்பா விடுறது? பூட்டுன ஆளு பேசாம நகர மாட்டேன்னீங்க?”

“நான் பேசுறேன் பாப்பா. குடு,” ஜெஸ்ஸி அவசரமாகக் கை நீட்டினாள்.

“நீங்க எதுக்குக்கா பேசணும்?”

போனை அப்பா பக்கம் திருப்பிக் காட்டினாள். திரையின் மேலே ஒரே ஒரு வரி வந்து நின்றது.

‘உங்கள் போனை அப்பா திறந்துவிட்டார்.’

பொன்னழகு அதைப் படித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு ஆஸ்பத்திரி நம்பரை அழுத்தி, போனை அவர் கையில் வைத்தாள்.

“ரிங் போகுது. தப்பு யாருதுன்னு சொல்லுங்கப்பா.”