மரியமுத்து கேட்ட டி.சி.

“பையனுக்கு டி.சி. வேணுங்க. நாளைக்குக் காலையில வந்து வாங்கிக்கிறேன்” என்று மரியமுத்து தொலைபேசியில் சொன்னபோது, தலைமையாசிரியை ஜெயமேரிக்குப் பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது.

காரணம் கேட்கவில்லை. காரணம் பள்ளிக்கே தெரியும்.

மரியமுத்துவின் மகன் ஜாக்சன் பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறான். தனக்குப் பையன்களைத்தான் பிடிக்கிறது என்பதையும், அதற்கு என்ன பெயர் சொல்வது, அந்தப் பெயர் தனக்குப் பொருந்துமா என்பதெல்லாம் இன்னும் தெரியவில்லை என்பதையும் ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தான். யாரோ அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள்.

மறுநாளே மாணவர் குழுவில் ஒரு வினா வந்தது. ‘ஜாக்சன் யார்? சரியான விடையைத் தேர்ந்தெடுக்க.’ கீழே அ, ஆ, இ, ஈ என்று நான்கு கேலிப் பெயர்கள். எழுபத்திரண்டு பேர் வாக்களித்திருந்தார்கள்.

மரியமுத்து சொன்ன நேரத்துக்கு வந்தார். மீன்பிடித் துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். வெள்ளைச் சட்டை போட்டிருந்தும் விரல்களில் கிரீஸ் கறை போகவில்லை.

“உட்காருங்க. விண்ணப்பத்தை நானே எழுதி வச்சிட்டேன். நீங்க கையெழுத்துப் போட்டா போதும்” என்றார் ஜெயமேரி. “நல்ல முடிவு எடுத்தீங்க. திருநள்ளாறு பக்கம் சேர்த்துடுங்க. அங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது.”

“சரிங்க டீச்சர். அந்த ஓட்டுப் போட்ட பசங்களை விசாரிச்சீங்களா?”

“எழுபத்திரண்டு பேரையும் கூப்பிட்டு விசாரிக்க முடியுமாங்க? ஒருத்தனை மாத்துறது சுலபம்.”

மரியமுத்து தலையசைத்தார்.

“வீட்டுல கண்டிச்சீங்களா?”

“கண்டிச்சேங்க. அவங்க அம்மா ரெண்டு நாளா அவன்கிட்ட முகங்கொடுத்துப் பேசல. நம்ம வயித்துல பொறந்தது இப்படிப் பண்ணிடுச்சேன்னு ஒரே அழுவை.”

“இருக்காதா பின்னே? பெத்தவங்களுக்கு எவ்வளவு அவமானம்!”

“ஆமாங்க. அவமானந்தான்.”

ஜெயமேரி மணியடித்து, ஜாக்சனைப் பையோடு அழைத்து வரச் சொன்னார்.

அவன் நடைகூடத்தில் வந்துகொண்டிருந்தபோது ஒரு வகுப்பறையிலிருந்து குரல் கேட்டது. “டேய் ஜாக்சன், விடையைச் சொல்லிட்டுப் போடா! நான் ‘இ’ன்னு போட்டிருக்கேன்!”

சிரிப்பொலி எழுந்தது. அது ஜெயமேரிக்கும் கேட்டது. அவர் மேசை மேலிருந்த தாள்களை அடுக்கினார்.

ஜாக்சன் வாசலிலேயே நின்றான். அப்பாவைப் பார்த்ததும் கெஞ்சினான்.

“அப்பா, வருஷப் பரீட்சையை மட்டும் இங்கயே எழுதிடுறேன்ப்பா. கடைசி பெஞ்சுல தனியா உக்காந்துக்கிறேன். அவனுங்க எந்தப் பேரை வேணும்னாலும் வச்சிக்கட்டும்.”

“பையை எதுக்குடா தூக்கிட்டு வந்தே?”

“டீச்சர்தான் எடுத்துட்டு வரச் சொன்னாங்க.”

“போ. போயி எப்பவும் உக்கார்ற எடத்துலயே உக்காரு.”

ஜாக்சன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு திரும்பி நடந்தான்.

“என்னங்க இது? அப்ப டி.சி. வேணாமா?” என்றார் ஜெயமேரி.

மரியமுத்து விண்ணப்பத்தை மெல்ல அவர் பக்கமே நகர்த்தினார்.

“வேணுங்க. பேரை மட்டும் மாத்தி எழுதுங்க. ஒன்பதாவதுல இவன் தம்பி படிக்கிறானே, அவனுக்கு. அண்ணன் நோட்டைத் திருட்டுத்தனமாப் படம் புடிச்சு அனுப்புனது அவன்தாங்க.”