மில்லுக்குச் சாப்பாட்டு நேரம்

"கதவும் பந்த், ஏசியும் பந்த், அக்கா. உள்ள உங்க வீட்டுக்காரரும் புதுசா வந்த அந்த உதயாவும்தான்," என்றாள் பேச்சியம்மா.

ஆய்வுக்கூடத்தைக் கூட்டிப் பெருக்குவது அவள் வேலை. கூட்டும்போது கண்ணில் பட்டதைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்ப்பது, புரோத்ராபூரில் வைஜெயந்தியின் பக்கத்து வீட்டுக்காரி என்ற முறையில் அவள் கடமை. அங்கே இந்தச் சேதி ஏற்கெனவே பல வீடு ஏறி இறங்கிவிட்டதை மட்டும் சொல்லவில்லை.

மாடியில் கண்ணாடித் துண்டில் ஏதோ படலம் பூசிக்கொண்டிருந்த வைஜெயந்தி நிமிரவில்லை. "தினமுமா?"

"ரோஜ் இதே கதைதான். பக்கத்துல சாத்தம் மர மில்லுல சாப்பாட்டுக்கு நிறுத்தினதும் இங்க கதவச் சாத்துறாங்க. மறுபடி மில்லு ஓடுறப்ப ரெண்டு பேரும் வேர்த்து விறுவிறுத்து வெளிய வர்றாங்க. கேட்டா, மில்லு ஓடினா மெஷின் ஆடுதாம், ஏசி போட்டாலும் ஆடுதாம். ஊசி முனையால தடவித் தடவிப் படம் எடுக்கிற மைக்ரோஸ்கோப்பாம்." பேச்சியம்மா உதட்டைச் சுழித்தாள். "தடவுறதுக்கு நல்ல பேருதான் வச்சிருக்காங்க."

வைஜெயந்தியின் முகம் சிவந்தது.

"நான் நேரம் கேட்டா நாளைக்கு, நாளைக்குங்கிறார். போன மாசம் மெயின்லேண்டிலேருந்து கப்பல்ல வந்து இறங்கினவளுக்கு மட்டும் தினம் ஒரு மணி நேரமா? இந்த ஈரக் காத்துல இன்னும் எத்தனை நாள் தாங்கும், பேச்சியம்மா? எல்லாம் கெட்டுப்போயிரும்."

"ஆமா, குடும்பம் கெட எவ்வளவு நேரம் ஆகும்," என்று பேச்சியம்மா பெருமூச்சு விட்டாள். அதில் வருத்தத்தைவிட ஆவல்தான் கூடுதல்.

வைஜெயந்தி விறுவிறுவென்று படியிறங்கினாள். சாத்திய கதவின் முன்னால் நின்று, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள்.

இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவாள் என்று பேச்சியம்மா துடைப்பத்தோடு தூணோரம் ஒதுங்கினாள். ஆனால் செருப்பு சத்தமில்லாமல் சுவரோரம் போய் உட்கார்ந்தது. கதவும் கிறீச்சிடாமல் மெல்லத் திறந்தது.

உள்ளே சந்திரமோகன் பதறி எழுந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"வைஜி, நீ நினைக்கிற மாதிரி ஒண்ணுமில்ல."

உதயாவும் எழுந்தாள். "அக்கா, சார் எனக்கு அண்ணன் மாதிரி."

வைஜெயந்தி இருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கண் முழுக்க மைக்ரோஸ்கோப்பின் திரையில் இருந்தது. அங்கே உதயாவின் படலம், மூலக்கூறுக்குப் பக்கத்தில் மூலக்கூறாக, பாய் பின்னியது போல ஒரு வரிசை பிசகாமல் தெரிந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

"அவர நீயே வச்சுக்க, உதயா. மெஷின எனக்கு விடு."