இம்தியாஸின் டோக்கன்

புது விமானந்தாங்கிக் கப்பல் கட்டும் தளத்தில் இம்தியாஸ் வெல்டர். கப்பலின் அடியறைகளுக்குள் இறங்குகிறவர்கள் பெயர் பொறித்த டோக்கனை வாசலில் மாட்டிவிட்டு இறங்கி, மேலே ஏறியதும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவன் லீவில் பரங்கிப்பேட்டைக்கு வந்த மூன்றாம் நாள் மதியம், மனைவி நிலோஃபரின் போன் அடித்தது. பண்ருட்டிக்காரர், சூப்பர்வைசர் தங்கராசு.

“ஏம்மா, இம்தியாஸ் எங்க?”

“தூங்குறாரு அண்ணே. வந்ததுலேருந்து தூக்கம்தான்.”

“டோக்கனை எடுக்காமப் போயிட்டான். இன்னிக்கு அவன் வேலை பாத்த அடி ரூமைத் தகடு போட்டு வெல்டிங் வெச்சு மூடியாகணும்.”

“மறந்திருப்பாரு. மூடிக்குங்க அண்ணே.”

தங்கராசு தயங்கினார். “மூடுறதுக்கு முன்னாடி சுத்தியலால மூணு தட்டு தட்டுவோம். உள்ள ஆள் இருந்தா திருப்பித் தட்டணும். காலையிலேருந்து தட்டுறோம்மா. திருப்பித் தட்டுற சத்தம் கேக்குது. எறங்கிப் பாத்தா யாருமில்ல.”

“எனக்கென்னண்ணே தெரியும்?”

“இரு, நீயே கேளு.”

போனில் இரும்பு மூன்று முறை அதிர்ந்தது.

கட்டிலில் மல்லாந்து கிடந்த இம்தியாஸ், கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கி, தலைமாட்டுக் கம்பியை மூன்று முறை தட்டினான்.

“கேட்டியாம்மா, உள்ளேருந்து?” என்றார் தங்கராசு. “இப்ப சொல்லு, மூடிடட்டுமா?”