ஓரம் வெட்டாத படம்

அப்பாவுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கக் குணாளன் காலையிலேயே கடைக்கு வந்துவிட்டான். அப்பா சிரித்த படம் என்று அவர் போனில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதிலும் முகம் மட்டும்.

எடுத்தவர் சம்மதிக்காமல் எந்த மெஷினும் இப்போதெல்லாம் படத்தை அச்சடிப்பதில்லை.

"எடுத்தது யாரோ பூங்கோதைன்னு காட்டுதுங்க," என்றார் கடைக்காரர்.

வேறு சாதியில் கட்டிக்கொண்டு போன தங்கச்சி. நாலு வருஷமாக வீட்டில் யாரும் அவள் பேரை எடுப்பதில்லை. அப்பா செத்ததைக்கூட அவளுக்குச் சொல்லவில்லை. சம்மதம் கேட்கும் படிவத்தில் 'எதற்காக' என்ற கட்டத்தில் 'கண்ணீர் அஞ்சலி' என்று அடித்து அனுப்பினான்.

அரைமணி நேரம் கழித்துப் பதில் வந்தது. 'சம்மதம். ஓரத்தை வெட்டக் கூடாது.'

மெஷின் முழுப் படத்தையும் திறந்தது. அப்பா மடியில் ஒரு பெண் குழந்தை. பக்கத்தில் மாப்பிள்ளை. மாசாமாசம் கண் ஆஸ்பத்திரிக்கென்று பஸ் ஏறியவர் இங்கேதான் போயிருக்கிறார்.

"பேத்தி பேரையும் போட்டுடலாங்களா?"

குணாளனுக்குப் பேர் தெரியாது. மறுபடி படிவத்தைத் திறந்து, 'எதற்காக' கட்டத்தில் அடித்தான்: 'பாப்பா பேரு என்ன? நாலு மணிக்கு அப்பாவை எடுக்கறோம். மூணு பேரும் வாங்க.'